பாறைக்குள்ள பாத்தியதை

கன்னியாகுமரிக்குத் தெற்கே, தென்துருவம் வரையில், வெறுங்கடலே விரிந்து கிடப்பதாக நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பாடசாலைப் படங்களும் இவ்வெண்ணத்தையே வளர்த்து வந்திருக்கின்றன. உண்மை வேறு. குமரிமுனை அமைந்துள்ள 77½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டு நேர் தெற்கே 5,000 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் கப்பல், இந்து மகாசமுத்திரத்தின் நடுவே இரண்டு எரிமலைத் தீவுகளைக் காணும். ஒன்று ஆம்ஸ்டர்டாம், மற்றொன்று அதற்கும் தெற்கேயுள்ள செயின்ட் பால். இரண்டிலும் ஆட்சி செலுத்துவது பிரெஞ்சு சர்க்கார். நமது தேசத்தின் தென்கோடிக்கு நேர் எதிரே உள்ள முதல் அயலகம் பாரிஸ் நகரத்துக்குச் சொந்தமானது! இவ்விசித்திரத்தினுள், நாஞ்சில் நாட்டுக் கடற்கரை மக்களின் ஜீவனத்தைத் தொடும் பெரியதொரு நியாயப் பிரச்னை அடங்கியிருக்கிறது. ஆகவே அதனைச் சிறிது விரிவாக ஆராய விரும்புகிறோம்.

இவ்விரு தீவுகளில் ஆம்ஸ்டர்டாம் பெரியது. சுமார் 55 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ளது. அங்கே பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. முப்பது பேர் அளவில் முறைவைத்து வந்து தங்கிச் செல்வது வழக்கம். 2025 ஜனவரியில் மூண்ட தீ தீவின் பாதியளவை எரித்தபோது அவர்களனைவரையும் கப்பலேற்றி அகற்ற நேர்ந்தது. செயின்ட் பாலுக்கோ அத்தகைய குடியிருப்பும் கிடையாது. எட்டுச் சதுர கிலோமீட்டர் அளவே உள்ள அத்தீவு ஓர் எரிமலையின் உச்சி. அதன் ஒரு பக்கம் இடிந்து கடலில் விழுந்துவிட்டபடியால் எரிமலை வாயினுள்ளேயே கடல்நீர் புகுந்து வட்டமான குடாவாகத் தேங்கி நிற்கிறது. கரையோரத்தில் இன்றும் வெந்நீர் ஊறுகிறது. பென்குவின், கடற்பறவை, கடல்நாய் ஆகியவையே அங்குள்ள பிரஜைகள். ஆராய்ச்சியாளர் எப்போதேனும் வந்து சில நாள் தங்குவதைத் தவிர மனித சஞ்சாரம் இல்லை.

இப்படிப்பட்ட பாறை பிரான்ஸுக்குச் சொந்தமானது எங்ஙனம்? 1522இல் உலகை முதன்முதலாகச் சுற்றி வந்த ஸ்பானியக் கப்பல் ஆம்ஸ்டர்டாம் தீவைக் கண்டது. 1633இல் டச்சுக்காரர் அதற்குத் தமது கப்பலின் பெயரை இட்டனர். திமிங்கில வேட்டைக்காரரும், கடல்நாய்த் தோல் வியாபாரிகளும், கப்பல் உடைந்து கரையேறியோரும் பின்னர் வந்து போயினர். 1871இல் ‘மெகேரா’ என்னும் பிரிட்டிஷ் கப்பல் செயின்ட் பாலில் தரைதட்டியபோது ஏறத்தாழ நானூறு பேர் அப்பாறையில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தனர். 1843இல் ஒரு முறை கோரப்பட்ட பிரெஞ்சுப் பாத்தியதை, 1892இல் கடற்படைக் கப்பல் ஒன்று வந்து கொடி நாட்டியதோடு உறுதி செய்யப்பட்டது. ஒரு கம்பம், ஒரு கொடி, ஒரு பத்திரம் ஆகிய மூன்றே உடைமைக்குப் போதுமானவை என்பது அக்காலத்து ஐரோப்பிய நியாயம். ஆளுள்ள ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் அதே நியாயத்தைக் கொண்டு பங்கிட்டவர்கள் ஆளில்லாப் பாறையை விட்டு வைப்பார்களா?

அப்பாறையில் மனிதரைக் குடியமர்த்தச் செய்த முயற்சியின் கதை நெஞ்சை உருக்குவது. 1928இல் பிரெஞ்சு முதலாளிகள் சிலர் அங்கே சிங்கி இறாலைப் பிடித்து டப்பாக்களில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினர். பிரான்ஸின் பிரிட்டனி பிரதேசத்து மக்களும் மடகாஸ்கர் தொழிலாளரும் வேலைக்கு அழைத்து வரப்பட்டனர். 1930 மார்ச்சில் பருவம் முடிந்து கப்பல் திரும்பியபோது, இயந்திரங்களைக் காக்க ஏழு பேர் மட்டும் விடப்பட்டனர். அவர்களில் கருவுற்ற ஒரு பெண்மணியும் இருந்தார். விரைவில் வேறு கப்பல் வருமென்று அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. கப்பல் வந்ததோ டிசம்பரில்! அதற்குள் நோயும் பசியும் கடலும் நால்வரைக் கொண்டு போயின. அத்தீவில் பிறந்த பெண் குழந்தையும் இரண்டு மாதத்தில் மாண்டது. எஞ்சியவர் மூவர். பாறையின் மீது கொண்ட பாத்தியதையை ஒருபோதும் மறவாத ஏகாதிபத்தியம், அப்பாறையில் விட்டுவந்த மனிதரை மறந்துவிட்டது. பிரெஞ்சு மக்கள் இன்றும் அவர்களைச் ‘செயின்ட் பாலில் மறக்கப்பட்டோர்’ என்றே குறிப்பிடுகின்றனர்.

இது பழங்கதை என்று தள்ளிவிடக் கூடவில்லை. 1982இல் உருவாகி 1994இல் அமுலுக்கு வந்த சர்வதேசக் கடற்சட்டம், கொடி நாட்டிய அப்பாறைக்கு முன்னில்லாத மதிப்பைத் தந்துவிட்டது. அச்சட்டப்படி ஒரு நாட்டின் கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரையிலுள்ள கடல் அந்நாட்டின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலமாகும். அதிலுள்ள மீனும், அடியிலுள்ள எண்ணெயும் உலோகமும் அந்நாட்டுக்கே உரியவை. நடுக்கடலில் தனித்து நிற்கும் ஒரு தீவைச் சுற்றி 370 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் அதனுள் அடங்கும். கணக்கு எளிது, பலன் பிரம்மாண்டமானது. செயின்ட் பால், ஆம்ஸ்டர்டாம் இரண்டையும் கொண்டு பிரான்ஸ் பெற்றுள்ள கடல் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ஐரோப்பாவிலுள்ள தாய்நாட்டுக் கரையால் அதற்குக் கிடைப்பதோ 4 லட்சத்துக்கும் குறைவு! இவ்வாறு உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தீவுகளின் தயவால் பிரான்ஸ் ஒரு கோடி சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலுக்கு அதிபதியாக விளங்குகிறது. 140 கோடி மக்களையுடைய இந்தியாவுக்கு உள்ளது சுமார் 23 லட்சம். குடியேற்ற ஆட்சி நிலத்தில் ஒழிந்தது என்று நாம் மகிழ்ந்திருக்க, அதன் பழைய கணக்குப் புத்தகம் கடலில் புதிய வட்டியை ஈட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டம் இயற்றியோர் இவ்விபரீதத்தை அறியாதவரல்லர். மனிதர் குடியிருக்கவோ தன் சொந்தப் பொருளாதார வாழ்வைத் தாங்கவோ இயலாத பாறைகளுக்கு இம்மண்டலம் கிடையாது என்று 121ஆம் ஷரத்தின் மூன்றாம் பிரிவு விதிக்கிறது. 2016 ஜூலையில் தென்சீனக் கடல் வழக்கில் தீர்ப்புக் கூறிய மத்தியஸ்த மன்றம், வெளியிலிருந்து உணவும் நீரும் அனுப்பி உத்தியோகஸ்தரைத் தங்க வைப்பதால் மட்டும் பாறை தீவாகிவிடாது என்று விளக்கிற்று. அத்தீர்ப்பு அவ்வழக்கின் கட்சிக்காரரான பிலிப்பைன்ஸையும் சீனாவையும் மட்டுமே கட்டும். மற்ற தேசங்கள் தத்தம் பாறைகளைத் தீவென்றே அழைத்து வருகின்றன. செயின்ட் பாலைத் தனியே அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால் என்ன தேறும் என்பதை வாசகர்களின் யோசனைக்கே விடுகிறோம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்பது முறை. பிரெஞ்சு சர்க்கார் அத்தீவுகளைச் சுற்றி இயற்கைக் காப்பகம் அமைத்திருக்கிறது. 2019இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன. உலகில் ஆம்ஸ்டர்டாம் ஒன்றிலேயே குஞ்சு பொரிக்கும் அல்பட்ராஸ் பறவையினம் பிழைத்திருப்பதற்கு இக்காப்பு உதவுகிறது. இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மேலும், இதே சட்டத்தால் நமது தேசமும் லாபமடைந்திருக்கிறது. அந்தமான் கடலில் பாரன் தீவு என்ற ஆளில்லா எரிமலை நமக்கும் உண்டு. 1991 முதல் அது விட்டு விட்டுக் குமுறி வருகிறது. அந்தமான், நிக்கோபார் தீவுகளைக் கொண்டு நாம் பெற்றுள்ள கடலும் ஏறத்தாழ 6 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆகவே, சட்டத்தைக் கிழித்தெறிய வேண்டுமென்று கூறுவது நமது நோக்கமன்று. பாறைக்கு இவ்வளவு பாத்தியதை தரும் சட்டத்தில், கடலையே நம்பி வாழும் மனிதனுக்கு என்ன பாத்தியதை உண்டு என்பதே நமது கேள்வி.

இக்கேள்வியைக் கேட்கும் தகுதி குமரி மாவட்டத்துக்குப்போல வேறெந்தப் பிரதேசத்துக்கும் இல்லை. நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடல் தொழிலில் இந்தியாவெங்கும் பெயர் பெற்றவர்கள். சுறாவையும் சூரையையும் தேடி, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி, விசைப்படகுகளில் நெடுந்தூரம் செல்பவர்கள். செயின்ட் பாலின் குளிர்க்கடலுக்கு அவர்கள் போவதில்லை. ஆயின் அதே சட்டத்தின் மற்றொரு வட்டம் அவர்கள் செல்லும் வழியிலேயே போடப்பட்டிருக்கிறது. குமரியிலிருந்து தென்மேற்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல் அப்பாலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தைச் சுற்றிய வட்டமே அது.

செயின்ட் பால் இயற்கையால் ஆளற்றது; சாகோஸோ மனிதரால் ஆளற்றதாக ஆக்கப்பட்டது. 1965இல் பிரிட்டன் இத்தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்தது. டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரையில் அங்கு தலைமுறைகளாய் வாழ்ந்த மக்களை வெளியேற்றியது. மனிதரை அகற்றிய பின், 2010இல், அக்கடலில் சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டரை மீன்பிடிக்கக் கூடாத பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. இவ்வறிவிப்புக் கடற்சட்டத்துக்கு விரோதமாகச் செய்யப்பட்டது என்று 2015 மார்ச்சில் மத்தியஸ்த மன்றம் கூறியது. தீவுகளைப் பிரித்ததே முறையன்று என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் அபிப்பிராயம் தெரிவித்தது. இந்த வழக்கில் நமது தேசம் மொரீஷியஸின் பக்கம் நின்றது நமக்குப் பெருமையே. 2025 மே 22இல் பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, தீவுகளின் ஆதிபத்தியம் மொரீஷியஸுக்கு என்றும், டியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்கு என்றும் வகுத்தது.

இவ்வளவு விவகாரத்துக்கும் நடுவில் நமது மீனவன் கண்டதென்ன? சாகோஸை அடுத்த கடலில் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் அகப்பட்டு, டியேகோ கார்சியாவுக்குக் கொண்டு போகப்பட்டு, பிடித்த மீனையும் கருவிகளையும் இழந்து, அபராதம் செலுத்தி மீண்ட குமரிப் படகுகளின் செய்தி பலமுறை வெளிவந்திருக்கிறது. கடன் வாங்கி டீஸலும் பனிக்கட்டியும் நிரப்பிச் சென்ற குடும்பங்களுக்கு அது ஆண்டுக்கணக்கில் தீராத கஷ்டம். அத்தீவில் மனிதன் எப்படி மதிக்கப்பட்டான் என்பதற்கு வேறொரு சாட்சியும் உண்டு. 2021 அக்டோபரில் படகு பழுதாகி அங்கே கரை சேர்ந்த இலங்கைத் தமிழ் அகதிகள், மூன்றாண்டுக்கு மேல் கூடாரங்களில் அடைபட்டிருந்தனர். 2024 டிசம்பரிலேயே அவர்களுக்குப் பிரிட்டன் செல்ல வழி பிறந்தது. அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அப்பிரதேசத்தின் நீதிமன்றமே அம்மாதத்தில் தீர்ப்பளித்தது.

நிற்க, நமது சர்க்காரின் கடமையைக் கவனிப்போம். 2025 செப்டம்பரில் மொரீஷியஸ் பிரதம மந்திரி இந்தியாவுக்கு வந்தபோது அறிவிக்கப்பட்ட உதவித் திட்டத்தில், சாகோஸ் பாதுகாப்புப் பகுதியின் அபிவிருத்தியும் கண்காணிப்பும் இடம்பெற்றன. நட்பு நாட்டுக்கு உதவுவது நன்றே. ஆனால் நாம் தரும் பணமும் கருவியும் கொண்டு நடக்கும் கண்காணிப்பில் முதலில் அகப்படப் போகிறவன் நம்முடைய வள்ளவிளையானும் சின்னத்துறையானுமாக இருந்தால், அது எத்தகைய ராஜதந்திரம்? கண்காணிப்புக்கு உதவி கோருபவரிடம், நம் மீனவருக்குரிய வழியையும் நாம் கோருவதில் தவறென்ன?

இதற்கு முன்மாதிரி தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வெட்ஜ் பாங்க் என்ற வளமிக்க மீன் நிலம் இந்தியாவுக்கே உரியதென்று 1976 மார்ச் 23இல் இந்தியாவும் இலங்கையும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் உறுதி செய்தன. அப்போது, அங்கே வழக்கமாகத் தொழில் செய்து வந்த இலங்கைக் கப்பல்கள் திடீரென்று பிழைப்பிழக்கக் கூடாதென்று, ஆறு கப்பல்களுக்கு மிகாமல், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல், மூன்று ஆண்டுகள் மீன்பிடிக்க நமது தேசம் இணங்கியது. குமரிக் கடலில் அயலாரின் வழக்கத்தை மதித்த இந்தியா, அயல்கடலில் குமரியாரின் வழக்கத்தை மதிக்குமாறு கேட்பது பிச்சையாகுமா? கடற்சட்டத்தின் 62ஆம் ஷரத்தும், ஒரு நாடு தான் பிடித்து மிஞ்சிய மீனைப் பிறருக்கு அனுமதிக்கும்போது, அக்கடலில் வழக்கமாகப் பிடித்து வந்தவரின் நஷ்டத்தைக் குறைக்கும் தேவையைக் கருதவேண்டும் என்கிறது. இது பலமான வாசகமன்று என்பதை அறிவோம். ஆயினும், பலவீனமான வாசகத்துக்குப் பலம் தருவது வாதிப்பவனின் ஊக்கமே.

வழக்கம் உண்டென்று வாய்ச்சொல்லால் நிரூபிக்க இயலாது, பதிவு வேண்டும். 2024 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் விண்கோள் வழிச் செய்திக் கருவிகளைப் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. எல்லையைத் தாண்டாதே என்று மீனவனை எச்சரிக்க உதவும் அக்கருவி, அவன் எங்கெங்கே தொழில் செய்கிறான் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கக்கூடும். 2025 நவம்பரில் வெளியான ஆழ்கடல் மீன்பிடி விதிகள் அன்னியக் கப்பல்களை நமது மண்டலத்திலிருந்து விலக்கியதும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை கூறியதும் சரியான வழியில் வைத்த அடிகளே. அவ்வடி நமது எல்லைக் கோட்டோடு நின்றுவிடலாகாது. மத்திய இந்து மகாசமுத்திரத்தில் 75,000 சதுர கிலோமீட்டர் கடலடியில் உலோகக் கட்டிகளை ஆராயும் உரிமையை 2002இல் சர்வதேச அதிகார சபையிடம் ஒப்பந்தம் செய்து பெற்ற சர்க்கார் நம்முடையது. உலோகத்துக்காக அவ்வளவு தூரம் சென்று வாதாடத் தெரிந்தவர்களுக்கு மீனவனுக்காக வாதாடவா தெரியாது?

எல்லைக் கோடு என்பதன் பொருளை நாஞ்சில் நாட்டார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாய்த் தமிழகத்தோடு இணைய அவர்கள் நடத்திய போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11இல் துப்பாக்கிக்கு இரையானோர் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி அவர்கள் விருப்பம் நிறைவேறிற்று. அந்த எல்லையை வகுத்தபோது, அங்கு வாழ்ந்த மக்கள் எம்மொழி பேசுகிறார்கள், எங்கே சேர விரும்புகிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. கடலில் எல்லை வகுப்போர் மக்களைக் கேட்பதில்லை. எந்தப் பாறையில் எவனுடைய கொடி முன்னர் பறந்தது என்றே கேட்கிறார்கள். சுமார் 19 லட்சம் ஜனத்தொகையுள்ள மாவட்டம், நாற்பதுக்கு மேற்பட்ட கடற்கரைக் கிராமங்கள், தலைமுறை தலைமுறையாய் வந்த தொழில் ஆகிய அனைத்தும் அந்தக் கணக்கில் பூஜ்யம்.

ஆகவே மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, குமரி மீனவர் தொழில் செய்யும் ஆழ்கடல் நிலங்கள் யாவை, எப்பருவத்தில், எம்மீனுக்காகச் செல்கிறார்கள் என்பதை மத்திய, மாநில சர்க்கார்கள் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து முறையாகப் பதிவு செய்யவேண்டும். இரண்டாவது, சாகோஸ் விஷயமாக மொரீஷியஸோடு நடக்கும் பேச்சுகளில், காப்பகத்தின் நோக்கத்துக்குக் கேடு வராத இடத்திலும் அளவிலும் நம் மீனவருக்கு அனுமதி பெறும் ஒப்பந்தத்தையும் சேர்க்கவேண்டும். சுறாவினம் அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது மீனவனே; ஆதலால் அளவுக்குக் கட்டுப்பட நம்மவர் தயங்கார். மூன்றாவது, வழிதவறிப் பிடிபடுவோரைத் தக்க ஜாமீன் பெற்றுக்கொண்டு தாமதமின்றி விடுவிக்கவேண்டும் என்று கடற்சட்டத்தின் 73ஆம் ஷரத்து கூறுகிறது. இந்த உரிமையை நிலைநாட்டும் பொறுப்பைப் படகுக்காரனின் தலையில் சுமத்தாமல் நமது தூதராலயங்களே ஏற்கவேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கடலில் தங்கியிருந்தவருக்குச் செய்தி எட்டாமல், இம்மாவட்டத்து மீனவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பாமற் போயினர். கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருப்பவனைக் கரையிலுள்ள அதிகாரம் எவ்வளவு எளிதில் மறந்துவிடும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டுமா? 1930இல் செயின்ட் பாலில் எழுவரை மறந்தவர்கள் அன்னிய முதலாளிகள். சுதந்திர பாரதத்தின் சர்க்காருக்கு அந்தச் சாக்கு இல்லை. பாறைகளைத் தம் உடைமையென்று ஒவ்வொரு தேசமும் உலகறியப் பறைசாற்றுகிற இக்காலத்தில், ‘இவர்கள் எம் மக்கள், இவர்கள் செல்லும் கடலில் இவர்களுக்கும் வழக்கமும் உரிமையும் உண்டு’ என்று உலக சபைகளில் எழுந்து கூறும் துணிவு டெல்லிக்கு வரவேண்டும். வரும்படி செய்வது நமது சட்டசபை அங்கத்தினரும், பார்லிமெண்ட் அங்கத்தினரும், கட்சித் தொண்டரும், மீனவர் சங்கங்களும் ஒன்றுபட்டு ஆற்றவேண்டிய கடமையாகும்.